ஸ்டெல்லா டீச்சரின் சிபாரிசில் ஒரு வாடகை வீடு

என் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கவிருந்த நல்ல வீட்டை நான் கெடுத்தேன். கோபத்தாலோ பகையாலோ அல்ல. அவர்கள் போய்விட்டால் எனக்குச் சிரமம், அவ்வளவுதான் காரணம்.

அப்போது சேலத்தில் அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஸ்டெல்லா டீச்சர், அவர் கணவர் லூர்துசாமி, மகன் சேவியர். வாடகையை நான் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை. என் மனைவி தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் உமா நேராக மாடிக்குப் போய்விடுவாள். அங்கேயே பால், அங்கேயே வீட்டுப்பாடம், சில நாள் அங்கேயே தூக்கம். இப்படிப்பட்ட குடித்தனக்காரர்களை எந்த வீட்டுக்காரனுக்கு விட மனம் வரும்?

லூர்துசாமி மீது லாரி மோதியதில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கட்டை ஊன்றி மாடிப்படி ஏறி இறங்குவது அவருக்குப் பெரும்பாடு. செவ்வாய்ப்பேட்டையில், தெருவோடு வாசல் உள்ள தரைவீடு ஒன்றைப் பார்த்துப் பேசி வைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் வெல்ல மண்டி வைத்திருந்தவர். கடைசியாகப் பழைய வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். அதற்காக என்னிடம் வந்தார்.

“ஆளுங்க எப்படிங்க?” என்றார்.

“நல்லவங்கதான்…” என்று இழுத்தேன். காபியை ஒரு வாய் குடித்தேன். “எதுக்கும் நீங்களே நல்லா விசாரிச்சுக்குங்க. நாளைக்கு நான் சொன்னேன்னு ஆகிடக் கூடாது பாருங்க.”

இதில் பொய்யென்று எதையும் காட்ட முடியாது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீடு வேறு யாருக்கோ போயிற்று.

அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் லூர்துசாமி என் மாடியிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் இறங்குவார். மற்ற நாட்களில் ஜன்னலில் முகம் தெரியும். என்னைப் பார்த்தால் கையை உயர்த்தி வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன். பிறகு டீச்சரின் அண்ணன் பெங்களூரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக் கொடுக்க, குடும்பமே இடம் மாறியது. போகிற அன்று டீச்சர் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். “சார் மாதிரி ஒரு வீட்டுக்காரர் எங்களுக்கு இனிமே எங்க கெடைக்கப் போறாங்க” என்றார். நான் சாமான் வண்டியின் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. இப்போது அவளும் இல்லை.

போன ஆண்டு மழை தொடங்கிய சமயத்தில் உமாவுக்குப் பெங்களூர் பீன்யாவில், வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. அவள் விவாகரத்து ஆனவள். ஒரு அறையில் மூன்று பேர் படுக்கும் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு வீடு தேடினாள். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பா, ஒரு வாரம் வந்துட்டுப் போங்க. தனியா ஒரு பொம்பளை போய் நின்னா வீட்டைத் தவிர மத்த எல்லாத்தையும் கேக்குறாங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம். பக்கத்துல நின்னா போதும்.”

எழுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு வேலை கிடைத்தது: குடும்பமாக நிற்பது.

“நான் எங்க தங்கறது?”

“ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்ல. சொல்லியாச்சு.”

உமாவும் டீச்சரும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “ஆன்ட்டி, சார் வர்றாங்கன்னு வீட்டு ஸ்க்ரீனையெல்லாம் துவைச்சுப் போட்டுட்டாங்க. நீங்க வேற” என்று போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் போய் இறங்கினேன். சேலத்தில் முதுகில் வழிந்த வியர்வை பெங்களூரில் சட்டைக்குள்ளேயே குளிர்ந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் ஜூலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, “இப்பல்லாம் ரொம்ப வெயில் சார்” என்று சொல்கிறார்கள். எங்களூர் மே மாதத்தில் இவர்களை ஒருநாள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

டீச்சர் வீடு காக்ஸ் டவுனில், மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில். தலை முழுக்க வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. “வாங்க சார், வாங்க. சார் எளைச்சிட்டீங்களே!” என்று என் பையை வாங்கிக்கொண்டார். கூடத்துச் சுவரில் லூர்துசாமியின் படம், அதன்கீழே சிறிய மின்விளக்கு. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. படத்துக்கு எதிரே இருந்த நாற்காலியை எனக்குக் காட்டினார்கள். நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு ராகி முத்தே, கீரைச் சாறு. எங்கள் பக்கத்துக் களிதான். உருண்டையைச் சிறிதாக்கி, பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். கடிக்காமல் விழுங்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நான் பழக்க தோஷத்தில் மென்றேன். “சார் பாடம் கேக்க மாட்டேங்குறாங்க” என்று சிரித்தார். சேவியர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகவும், தினமும் போய்வர முடியாமல் அங்கேயே நண்பர்களோடு தங்கியிருப்பதாகவும், இந்த வாரக் கடைசியிலும் ஷிஃப்ட் என்பதால் வரமாட்டான் என்றும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உமா விடுப்பு எடுத்துக்கொண்டாள். வீடு காட்ட மஞ்சு என்ற தரகர் ஸ்கூட்டரில் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, “ஃபேமிலி வந்துட்டாங்களா? சூப்பர் சார். இனி நோ டென்ஷன்” என்றார்.

டென்ஷன் முதல் வீட்டிலேயே வந்தது. தாசரஹள்ளியில் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டு ஜன்னல். அந்த வீட்டுப் பெண்மணி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து, “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டார். சாப்பிட்டாயிற்று என்று நான் சைகை செய்தேன். வீட்டுக்காரர் உமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

“மாப்பிள்ளை எங்க வேலை சார்?”

உமா முந்திக்கொண்டாள். “டிவோர்ஸ் ஆயிடுச்சு.”

“ஓ.” அவர் மஞ்சுவைப் பார்த்தார். “நாங்க வீட்ல பேசிட்டுச் சொல்றோம்.”

அடுத்த வீட்டில் சைவம் மட்டும். அதற்கடுத்த வீட்டில் சைவம் தேவையில்லை, ஆனால் விருந்தாளிகள் வரக் கூடாது. “அப்பா விருந்தாளியா சார்?” என்று மஞ்சு எனக்காக வாதாடினார். “மாசத்துக்கு ஒரு தடவைன்னா அப்பா. ரெண்டு தடவைன்னா விருந்தாளி” என்றார் அந்த வீட்டுக்காரர். நான்காவது வீட்டை மஞ்சு ஏற்றிச் சொன்னார்: “காவேரி வாட்டர் சார்! இருபத்து நாலு மணி நேரமும்!” நான் மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். எங்களுக்கு வந்து சேர்வதற்கு முன் இவர்கள் அதை விளம்பரம் செய்து வாடகையையும் ஏற்றிவிடுகிறார்கள். அந்த வீட்டிலும் பேசிவிட்டுச் சொல்வதாகத்தான் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது மெஜஸ்டிக் நிலையத்தில் மெட்ரோ மாற வேண்டியிருந்தது. கூட்டத்தில் உமா உள்ளே ஏறிவிட்டாள். நான் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். வண்டி அவளைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறிப் பின்னாலேயே போகலாமா என்று நான் இங்கும் அங்கும் நடப்பதைப் பார்த்து, சாப்பாட்டுத் தூக்குடன் நின்றிருந்த ஒருவர், “அய்யா, இங்கியே நில்லுங்க. நீங்க அங்க போவீங்க, அவங்க இங்க வருவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போயிக்கினே இருப்பீங்க” என்றார். தர்மபுரிக்காரர், பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர். உமா திரும்பி வரும்வரை தன் வண்டியைத் தவறவிட்டு என்னோடு நின்றார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். வீடு தேட என்றேன். “வீடு தேடறதுன்னா தெரிஞ்சவங்க யாராச்சும் சொன்னாத்தான்யா கெடைக்கும். புரோக்கர் சொன்னா கதவைத்தான் தொறப்பாங்க” என்றார்.

அதை டீச்சரிடம் உமா சொல்ல, டீச்சர் கோபித்துக்கொண்டார். “நான் இருக்கறப்ப புரோக்கர் எதுக்குடி?”

சனிக்கிழமை மல்லேஸ்வரத்துக்கு அவரே எங்களை அழைத்துப் போனார். அவரோடு முன்பு அதே பள்ளியில் கன்னடம் கற்பித்த சரோஜம்மா என்பவருக்கு அங்கே வீடு. கீழே அவர் இருக்கிறார், மாடி காலி. முதலில் ஒரு ஓட்டலில் நின்றபடியே சிற்றுண்டி சாப்பிட்டோம். இங்கே யாரும் உட்காருவதில்லை. தட்டை இட்லி, வெண்ணெய் மிதக்கும் தோசை, விரல் உயரத் தம்ளரில் காபி. காபி நம் ஊரைவிட நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். அந்த ருசியில் எனக்கு மண்டிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. தட்டில் பாதியை வைத்துவிட்டேன்.

வீட்டைப் பார்த்ததும் உமாவின் முகம் மாறியது. பெரிய வீடு இல்லை. ஆனால் சமையலறை ஜன்னல் வழியே ஒரு செண்பக மரம் தெரிந்தது. மெட்ரோவுக்கு நடந்தே போய்விடலாம். அவள் அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். கல்யாணமாகிப் போன வீட்டைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை.

கீழே சரோஜம்மாவும் டீச்சரும் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். உமா என் காதோரம் மொழிபெயர்த்தாள்.

“அவங்க சொல்றாங்க, அக்ரிமென்ட்ல யார் வேணா கையெழுத்துப் போடுவாங்க, அதை நான் நம்பறதில்ல, தெரிஞ்சவங்க சொல்லணுமாம்.” சிறிது நேரம் கழித்து, “டிவோர்ஸ்னா பரவாயில்லையாம். ஆனா பொண்ணு தனியா இருக்கப் போறதால அப்பா எப்படிப்பட்டவர்னு கேக்குறாங்க. அப்பாவைப் பத்தித் தெரிஞ்சா பொண்ணைப் பத்தித் தெரிஞ்ச மாதிரியாம்.”

“டீச்சர் என்ன சொல்றாங்க?”

உமா சிரித்தாள். “நாங்க அஞ்சாறு வருஷம் இவர் மாடியில குடியிருந்தோம். தங்கமான மனுஷர். எங்க வீட்டுக்காரருக்குக் கால் போனப்ப எங்களைக் காலி பண்ணுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அப்படீங்கறாங்க.”

சரோஜம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். தன் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நாளைக்கு மதியம் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து முடிவு சொல்வதாக அவர் சொன்னார். கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்.

டீச்சர் சந்தையில் பூ வாங்கப் போனதும், எட்டாவது குறுக்குத் தெரு முனையில் உமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“லூர்து அங்கிளுக்கா?” என்றாள் கடைசியில்.

“ஆமாம்.”

“நான் அவங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றது நின்னுடுமேன்னா?”

“அதுவும்தான்.”

ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, “இப்ப ஆன்ட்டிகிட்ட சொல்லப் போறீங்க, அதானே?” என்றாள்.

“அவங்க எனக்காகப் பொறுப்பேத்துக்கறாங்கம்மா. தெரியாம.”

“வீடு கைக்கு வரட்டும். அப்புறம் சொல்லுங்க.”

“வாங்கிக்கிட்டு அப்புறம் சொன்னா, ரெண்டாவது தடவையும் அவங்களை ஏமாத்தின மாதிரி.”

“இத்தனை வருஷம் சொல்லல. ஒருநாள் பொறுக்க முடியாதா? நீங்க நல்லவரா ஆகறதுக்கு என் வீடு போகணுமா அப்பா?”

அவள் கேட்டது நியாயம். ஆனாலும் மறுநாள் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து டீச்சர் வந்தார். புடவை மாற்றாமல் அப்படியே, வாங்கி வந்த கறியை அலசப் போனார். சமையலறை வாசலில் நின்று, “டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். மண்டிக்காரர் வந்ததை, அவர் கேட்டதை, நான் சொன்னதைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். மன்னியுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்பதற்கே கூச்சமாக இருந்தது.

அவர் குழாயை மூடினார். கையைத் துடைக்கவில்லை.

“அவரு தன் காலாலதான்னு நெனச்சாரு சார்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“அந்த வீடு கெடைக்காமப் போனது. நொண்டிக்கு எவன் வீடு குடுப்பான், அதான் மண்டிக்காரரு வேணாம்னுட்டாருன்னு. சாகற வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. இங்க வந்தப்புறமும் வீடு பாக்கப் போனா என்னை மட்டும் போகச் சொல்லுவாரு. நான் வந்தா கெடைக்காது ஸ்டெல்லா, நீ மட்டும் போன்னு தெருமுனையிலயே நின்னுக்குவாரு.”

வீட்டைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கூடத்தில் போன் அடித்தது. சரோஜம்மா. டீச்சர் ஈரக் கையோடு எடுத்து, எனக்கு முதுகைக் காட்டி, கன்னடத்தில் பேசினார். நீண்ட பேச்சு இல்லை. வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“உமாவுக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன். எம் பொண்ணு மாதிரின்னேன். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.”

“சரிங்க டீச்சர்.”

“சாப்பிட்டுட்டுப் போங்க. ராத்திரிக்கு இங்க தங்க வேணாம்.” அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு திரும்பாமலே, “சேவியர்கிட்ட இதை நீங்களே போய்ச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

கறிக்குழம்பு ருசியாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. மாலையில் யஷ்வந்த்பூரில் ஒரு லாட்ஜுக்கு மாறினேன்.

திங்கள் காலை உமா கூப்பிட்டாள். “சரோஜம்மா உங்களை வரச் சொல்றாங்க. தனியா. எனக்கு லீவு இல்ல” என்று மட்டும் சொன்னாள். குரலில் ஈரம் இல்லை.

சரோஜம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்துத் தமிழர்களிடம் பேசிப் பேசி அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

“சனிக்கிழமை ஸ்டெல்லா உங்களைத் தலைமேல தூக்கி வெச்சா. நேத்து, அவரைப் பத்தித் தெரியாதுன்னா. ஒரு நாள்ல ஏனாய்த்து, என்ன ஆச்சு?”

அவருக்கும் முழுதாகச் சொன்னேன். கொத்தமல்லி ஆய்வதை அவர் நிறுத்தவில்லை.

“அப்ப உங்க மகளுக்கு எத்தனை வயசு?”

“ஒன்பது.”

“அவளுக்கு ஏதும் தெரியுமா?”

“சனிக்கிழமைதான் தெரியும்.”

“மேல வீட்ல இருக்கப் போறது யாரு? மகளா, நீங்களா?”

“மகள்தாம்மா.”

“அப்ப எனக்கென்ன?” முறத்தைத் தட்டினார். “நீங்க வந்தா ரெண்டு நாள் இருக்கலாம். மூணாவது நாள் பஸ் ஏறிடணும். அக்ரிமென்ட்லயே போட்டுடுவேன்.”

“போடுங்கம்மா.”

“உண்மை சொல்லிட்டேன்னு நெஞ்சை நிமித்திட்டுப் போகாதீங்க. பாவம் அந்த மனுஷன், போயே போயிட்டான். யாருக்குச் சொன்னீங்க இப்ப?” அவர் எழுந்தார். “மொட்டை மாடியில துணி காயப் போடறது திங்களும் வியாழனும் எங்க முறை. மத்த நாள் அவ போட்டுக்கலாம். மகளுக்குச் சொல்லிடுங்க.”

அப்படித்தான் வீடு கிடைத்தது. உமாவுக்குப் போன் செய்து துணி காயப்போடும் நாட்களைச் சொன்னேன். பின்னணியில் தொழிற்சாலை இரைச்சல். “நிஜமாவா அப்பா?” என்றாள்.

செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏறினேன். மெட்ரோவை இனி நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பஸ் நகரத்துக்குள் ஊர்ந்தது. பிறகு திடீரென்று மேம்பாலச் சாலையில் ஏறி, வீடுகளின் மொட்டை மாடிகளுக்குச் சமமாகப் பறந்தது. எல்லா மாடிகளிலும் துணி காய்ந்துகொண்டிருந்தது. யார் யாருக்கு எந்தெந்தக் கிழமையோ. பக்கத்து இருக்கைப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மடியில் கணினியைத் திறந்து, யாரிடமோ ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். எவ்வளவு சுலபமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சேவியர் மதிய இடைவேளையில், கழுத்தில் அட்டையோடு வாசலுக்கு வந்தான். அப்படியே அப்பாவின் நெற்றி. “அங்கிள்! அம்மா நீங்க வருவீங்கன்னு மட்டும் சொன்னாங்க, எதுக்குன்னு சொல்லல” என்று என் கையைப் பிடித்துச் சாலையோர டீக்கடைக்கு அழைத்துப் போனான். டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். டீயைக் குடித்துவிட்டால் சொல்ல மாட்டேனோ என்று பயம்.

அவன் முகம் பலமுறை மாறியது. நான் முடித்ததும் கேட்டான்: “அப்ப பெல்லு இல்லையா அங்கிள்?”

“என்ன பெல்?”

“காலிங் பெல்லு. அந்த வீட்டைப் பாக்கப் போனப்ப அப்பா, அம்மா உள்ள பேசிட்டிருந்தாங்க. நான் வாசல்ல நின்னு காலிங் பெல்லை அமுக்கி அமுக்கி வெளையாடினேன். அதுவரைக்கும் நான் காலிங் பெல்லே பாத்ததில்ல. அந்த வீட்டுக்காரர் வெளிய வந்து மொறைச்சாரு. அப்புறம் வீடு இல்லைன்னுட்டாங்க. அப்பா தன் காலாலன்னு சொல்லுவாரு. நான் உள்ளுக்குள்ள, இல்லப்பா, என்னாலன்னு நெனச்சுக்குவேன். சொல்ல பயம்.”

ஏழு வயதுப் பையன். நான் தினமும் மாடிப்படியில் பார்த்த பையன்.

“இப்பவும் யார் வீட்டுக்குப் போனாலும் பெல் அடிக்க மாட்டேன் அங்கிள், கதவைத்தான் தட்டுவேன். ஃபிரெண்ட்ஸ் எல்லாம் கலாய்ப்பானுங்க.” சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்பா இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

“சொல்லியிருக்கணும்.”

“ம்.”

டீயைத் தொடாமல் போனை எடுத்தான். சில அடிகள் நகர்ந்து போனான். ஆனால் குரல் கேட்டது. “மம்மி, வந்தாங்க… சொல்லிட்டாங்க… இல்ல மம்மி, நான் என்ன நெனச்சேன்னா, அன்னைக்கு அந்த பெல்லை… ஆமா… சின்ன வயசுல இருந்தே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?” பிறகு அவன் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தான். கழுத்து அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். லாரி ஒன்று போய், இன்னொன்று போய், அதற்குப் பிறகும் கேட்டான். கடைசியில், “அய்யோ மம்மி, லூஸு மம்மி நீ” என்று சொல்லும்போது அழுதான்.

திரும்பி வந்தான். “அம்மாவும் ஒண்ணு நெனச்சிட்டிருந்திருக்காங்க அங்கிள். தன்னாலதான்னு. இன்னைக்குத்தான் சொல்றாங்க.”

“என்னன்னு?”

“அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்.”

“சரிதான்” என்றேன்.

அவன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். என்னை அணைக்கவில்லை, திட்டவும் இல்லை. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தான். “ஜன்னல் சீட்டுல உக்காருங்க. மேல போறப்ப நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

அந்த வெள்ளிக்கிழமை மல்லேஸ்வரத்து வீட்டில் பால் காய்ச்சினோம். சேவியர் எரிவாயு அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான். சரோஜம்மா தேங்காய் கொடுத்தார். டீச்சர் வரவில்லை. பால் பொங்கியதும் உமா முதல் தம்ளரை எனக்கு நீட்டினாள். அவளாக நீட்டியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். ஒப்பந்தப்படி இரண்டு நாள். டீச்சர் உமா வீட்டுக்கு அடிக்கடி வருகிறார், நான் இல்லாதபோது. சண்டையெல்லாம் இல்லை. “அப்பா எப்ப கெளம்பறாங்க?” என்று உமாவிடம் கேட்பார். அதற்கு மறுநாள் வருவார். நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பதில் இல்லை. அதை எதிர்பார்த்து அனுப்பவும் இல்லை.

போன முறை ஞாயிறு மாலை கிளம்புவதாக இருந்தேன். ஸ்டெல்லா ஆன்ட்டியோடு சேர்ந்து சாப்பிட ஆசையாக இருக்கிறது, ஆனால் அவர் வரும் திங்கட்கிழமை தனக்கு விடுப்பில்லை என்று முந்தின நாள் உமா பேச்சுவாக்கில் சொன்னாள். நான் ஞாயிறு காலையிலேயே பையை எடுத்துக்கொண்டேன். “எதுக்குப்பா அவசரம்?” என்றாள். வெயிலுக்கு முன் போய்விடுகிறேன் என்றேன்.

தர்மபுரி தாண்டியதும் போன் வந்தது. “சேந்தாப்ல சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்ப்பா” என்றாள் உமா. பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. குழம்பில் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறாயே, உனக்கு எப்போதடி சமைக்க வரும் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். உமா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். பஸ்ஸுக்குள் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.